டைகரின் கிழட்டு உண்ணி

ஆண் நாய்க்கும் முலைக்காம்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மாமாவுக்கும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் பெரிய கொடுமை.

அம்மாவின் தம்பியான மாமா, குருக்கள்மடம் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். மயிரிழை போன்ற கம்பியையும் கை நடுங்காமல் ஒட்டுவார். அதில் ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊசி என்றால் மட்டும் பாதி உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று மதில் பாய்ந்து ஓடியவர். எங்கள் டைகரை விசர்நாய்த் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோதுகூட, ஊசி ஏறியது நாய்க்கு, கண்ணை மூடிக்கொண்டவர் மாமா.

அறுவடை முடிந்த வயல் வட்டையில் மாடுகளோடு சுற்றித் திரிந்துவிட்டு வந்த டைகரின் உடம்பெல்லாம் உண்ணி. என் தம்பி தவழும் பாயில் ஒன்று ஊர்வதைக் கண்டதும் அம்மா காளியாகிவிட்டார்.

"இனி ஒரு உண்ணியைக் கண்டாலும் சரி, இது ஆரையும் கடிச்சாலும் சரி, தோணியில ஏத்திப் படுவான்கரையில விட்டிருவன்!"

வாவிக்கு அந்தப் பக்கம் போன நாய் எதுவும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

மறுநாள் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போன நேரம் பார்த்து, மாமா கடையிலிருந்து கம்பி பிடிக்கும் கூர்முனை ட்வீசரும் ஒரு சின்னப் போத்தலில் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் பூசு, ஊதுபத்தியால் சுடு என்று அயலில் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை.

"சுட்டா அது தன்ர நஞ்சை நாய்க்குள்ளயே கக்கிடும் புள்ள. தோலோட ஒட்டிப் பிடிக்கணும். நசுக்காம, திருகாம, நேர மேல இழுக்கணும்."

சொன்னபடியே செய்தார். காதுமடலிலும் கழுத்திலும் விரலிடுக்கிலும் இருந்த உண்ணிகள் தலையோடு கழன்று ஸ்பிரிட்டுக்குள் விழுந்தன. டைகர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. பிறகு அதை மல்லாக்கப் புரட்டினோம். அடிவயிற்று மயிருக்குள் கபில நிறத்தில் தடிப்பாக ஒன்று.

"இதுதான் புள்ள கிழட்டு உண்ணி."

தோலோடு ஒட்டிப் பிடித்தார். நசுக்கவில்லை, திருகவில்லை. நேரே மேலே இழுத்தார்.

ஒரு நாய் அப்படி அலறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அலறல் அடங்கும் முன்னரே மாமாவின் மணிக்கட்டு அதன் வாய்க்குள் இருந்தது. நிலமெல்லாம் ரத்தம். என் விரலில் பல் படாமல் பிஸ்கட் வாங்கும் எங்கள் டைகரா இது! அப்போதுதான் கண்டேன், கிழட்டு உண்ணிக்கு நேரெதிரே அதேபோல இன்னொன்று, அதற்குக் கீழே இன்னுமொரு சோடி. உண்ணிகள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் இருக்குமா என்று அந்தக் கலவரத்திலும் யோசித்தேன்.

மாமா பைப்படியில் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கையைக் கழுவினார். அம்மா வந்ததும், எந்த நாய் என்று சொல்லாமல், நாய் கடித்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"ஊசி போட்ட வீட்டு நாயெண்டா கட்டிவெச்சுப் பாக்கலாம். தெரு நாயெண்டா எல்லா ஊசியும் போடணும். எந்த நாய்?" என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரு நாய் மிஸ்ஸி. சந்தியில கடிச்சிட்டு ஓடிட்டு."

நாய் கடித்தபோதுகூட நான் அப்படித் திடுக்கிடவில்லை. பெரியவர்கள், அதுவும் ஆஸ்பத்திரியில் வைத்து, இப்படிப் பச்சைப் பொய் சொல்வார்களா? உண்ணி எது, முலைக்காம்பு எது என்று தெரியாத வெட்கத்தில்தான் புளுகுகிறார் என்று நினைத்தேன்.

ஊசி போடும் நாள்களில் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து டைகரை மடியில் போட்டு உண்ணி பார்ப்பார். ட்வீசர் போத்தலின் வாயில் டக் டக்கென்று இடிபடும். டைகர் கடித்ததில் மாமாவின் கை பழுதாகிவிட்டது என்று நான் ஒளிந்திருந்து அழுதேன். ஊசி இல்லாத நாள்களில் அந்தக் கை நடுங்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.