தம்பி அனுப்பிய பச்சை

விலை குறைந்த டேப்லெட்டின் கனம் கையில் எடுத்தவுடன் தெரியாது. கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் மணிக்கட்டு சொல்லும். பின்பக்கம் பிளாஸ்டிக். வெயில் ஏறினால் அது இளஞ்சூடாகி, கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடித்திருப்பது போல் இருக்கும். தொட்டால் உடனே விழிக்காது. ஒரு மூச்சு யோசிக்கும். அந்த மூச்சுக்குள் எதற்காகத் தொட்டேன் என்பது எனக்கு மறந்துபோகும். இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று நினைத்துக்கொள்வேன்.

செல்போனில் எழுத்துகள் எறும்பாக ஊர ஆரம்பித்ததால் கொழிஞ்சாம்பாறையில் போய் வாங்கினேன். பெட்டியைப் பிரித்த கடைக்காரர் என் கண்ணைப் பார்த்தார்.

"கூசுதுங்களா? இதப் போட்டுக்குங்க. ரீடிங் மோடு. எதமா இருக்கும்."

எதையோ தொட்டார். திரையின் வெள்ளை வடிந்து, பழைய புத்தகத்தின் தாள் நிறம் வந்தது. அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். சொற்கள் ஏற்கெனவே அச்சாகி, யாரோ படித்து முடித்து அலமாரியில் வைத்தவை போலத் தெரிந்தன. எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் அணைக்கவே இல்லை. சில நாளில் அது மஞ்சள் என்பதே என் கண்ணுக்கு மறந்துவிட்டது.

கேரளத்தில், பெருமாட்டியில் எனக்குத் தென்னந்தோப்பு, மலைமேல் உடும்பஞ்சோலையில் தம்பிக்கு ஏலத்தோட்டம். பாகம் பிரித்தபோது மலையை அவனே கேட்டு வாங்கினான். எங்கள் தோப்பில் கள் இறக்குவார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் வாசனை வரும். "இங்க இருந்தா என்னால நிறுத்த முடியாதுங்கண்ணா" என்றான். போனான். முதல் பருவத்தில் குடித்துத் தூங்கிக் காய் முழுவதையும் கெடுத்தான். பிறகு நிறுத்தினான். அதற்கப்புறம் மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போகும் அளவு வளர்ந்துவிட்டாள். அவன் தொடவில்லை. நான் அந்தக் கள் வாசனையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏலக்காயைப் பறித்தவுடன் ஸ்டோரில் ஏற்றிவிட வேண்டும். ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். விறகு அடுப்பின் சூடு குழாய்களில் சுற்றி, தட்டுகளில் பரப்பிய காயை விடிய விடிய உலர்த்தும். சூடு கூடினால் பச்சை போய் மஞ்சளாகும். அடுப்பைப் பார்க்கிறவன் தூங்கிவிட்டால் சூடு கூடும். அவன் எதனால் தூங்குவான் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

இந்தப் பருவத்தின் முதல் காயைப் படம் எடுத்து, குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். சாக்கின் மேல் ஒரு குவியல். 'எப்படி இருக்குதுங்கண்ணா?' விரலால் விரித்துப் பார்த்தேன். குவியல் முழுக்க மஞ்சள். உடனே கூப்பிட்டேன்.

"என்னடா, காய் மஞ்சளா வந்திருக்குது?"

"இல்லீங்களே. பச்சையாத்தானுங்க இருக்குது."

"பெரிய ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் சொல்றேன். மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

"பெரிய ஸ்கிரீன்ல அப்படித் தெரியுதுங்களா?" என்று கேட்டான். வைத்தியரிடம் கேட்கிற குரல். போனை வைத்துவிட்டான்.

பின்னொரு நாள் அவன் மகளின் படம் வந்தது. புதுச் சீருடை. "இதென்ன, மஞ்சச் சட்டை போடற பள்ளிக்கூடம்?" என்றேன். என் மனைவி தன் போனையும் பார்த்தாள், என் மடியிலிருந்த டேப்லெட்டையும் பார்த்தாள்.

"ஏனுங்க, அது வெள்ளைச் சட்டைங்க. உங்க சிலேட்டுக்கு யாராச்சும் மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்களா?"

அவள் சிரித்தாள். நான் அவள் போனை வாங்கி மேலே தள்ளிக்கொண்டே போனேன். சாக்கின் மேல் அந்தக் குவியல் இருந்தது. கிளிப்பச்சை. மழை நின்ற பிறகு மலையில் தெரிகிற பச்சை.

தம்பி எண்ணைத் தொட்டேன். மணி அடிக்கும் முன் துண்டித்தேன். திரை தப்பாகக் காட்டியது என்று சொல்லிவிடலாம். 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா' என்று திரை கேட்கவில்லையே.

மறுநாள் பஸ் ஏறினேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் தமிழ்நாடு வேண்டும். பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி. மடியில் டேப்லெட். எழுதலாம் என்று திறந்தேன். ரீடிங் மோடை அணைத்த திரை கண்ணைக் குத்தியது. மூடினேன், திறந்தேன், மூடினேன். போடிமெட்டில் குளிர் காற்று முகத்தில் அடித்தபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தம்பி விறகு எடுக்கப் போயிருந்தான். அவன் மனைவி போடிக்காரி. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்கினாள்.

"மாமா, நீங்க என்ன சொன்னீகளோ, அவுக கண்ணு போச்சுன்னு உக்காந்துட்டாக. காயக் கையில வச்சுக்கிட்டு, இது பச்சையா மஞ்சளான்னு எங்கிட்ட கேக்குறாக, லோடு ஏத்த வந்தவன்ட்ட கேக்குறாக, தபால்காரரக்கூட விடல. அந்த மனுசன் இந்தப் பக்கம் வாரதயே விட்டுட்டாரு."

சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிறகு அவள் குரல் இறங்கியது.

"அடுப்படிக்குப் போகுமுன்ன தெனமும் என் மூஞ்சிக்கு நேரா வாயத் தொறந்து ஊதுறாக. நீ சாட்சி, அண்ணன் கேட்டாச் சொல்லுங்குறாக."

காப்பி கையிலேயே ஆறியது.

அவளோடு ஸ்டோருக்குள் போனேன். என் பேச்சைக் கேட்டு அடுத்த காய்க்கு அவன் சூட்டைக் குறைத்திருந்தான். ஒரு காயை எடுத்துக் காதருகில் ஆட்டினேன். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை குலுங்கும். இது ஊமையாக இருந்தது. ஈரம். பூசணம் பிடிக்கும்முன் மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றினால் நிறம் போகும். இல்லாத மஞ்சளை நான் பார்த்தேன். இப்போது அது நிஜமாகவே வரப்போகிறது.

விறகுக் கட்டை இறக்கிவிட்டு, "வாங்கண்ணா" என்றான் தம்பி. டேப்லெட்டை நீட்டி, ரீடிங் மோடைப் போட்டும் அணைத்தும் காட்டினேன். அவன் குவியல் மஞ்சளானது, பச்சையானது. கையில் வாங்கித் தானே தொட்டுப் பார்த்தான். ஒரு காயைத் திரையின் மேல் வைத்தும் பார்த்தான்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களாண்ணா?"

"நல்லா இருக்குதுடா. என்னோடதுதான்..."

"டேப்பு தப்பு பண்ணினா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்காக அவனே சொல்லிவிட்டான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். டேப் அல்ல, நான்தான் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று. வாய் வரவில்லை. தட்டுகளில் ஈரக் காயைப் பரப்ப அவனுக்குக் கை கொடுத்தேன்.

இருட்டத் தொடங்கியது. அடுப்பு மூட்டப் புறப்பட்டவன் வாசலில் நின்ற மனைவியிடம் போனான். என்னைப் பார்த்ததும் திரும்பி என் முன்னால் வந்து நின்றான்.

"இன்னிக்கு அண்ணனே இருக்கீங்களே" என்று வாயைத் திறந்து ஊதினான்.

கேலியா, பழக்கமா, தெரியவில்லை. என் முகத்தில் பட்டது காப்பியும் ஏலக்காயும் மணக்கும் வெறும் மூச்சு.

"போதும்டா. நான் கேட்டது தப்பு" என்றேன்.

அவன் வாயை மூடினான். ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு விறகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.