பச்சைமலைக்கு மிதித்துப் போனது

எனக்குப் பச்சைமலை மேல் ஆசை வந்திருப்பதை, அம்மா அப்பாவிடம் சொன்னபோதுதான் நானே தெரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பின் காலாண்டு விடுமுறை அது. "பொண்ணு சைக்கிள்லயே மலைக்குப் போகணும்ங்கிறா. கூட்டிட்டுப் போயிட்டு வரேங்க" என்றார் அம்மா. நான் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. கேட்க நன்றாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன்.

அம்மா ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவார். அவர் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததே இல்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறிப்போகும் என்பதில் தொடங்கி லாரி, வெயில், முழங்கால் என்று அப்பா பலவற்றையும் எடுத்துச் சொன்னார். குழந்தை ஆசைப்படுகிறாளே என்பதுதான் எல்லாவற்றுக்கும் அம்மாவின் பதில்.

சனிக்கிழமை விடியும்போது காவிரிப் பாலத்தில் இருந்தோம். அத்தையிடம் இரவல் வாங்கிய சைக்கிளில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மா வந்தார். ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடக்கும்வரை அவருடைய ஹேண்டில்பார் ஆடிக்கொண்டே இருந்தது. நான் முன்னால் போய்ப் போய், பெரிய மனுஷி மாதிரி நின்று காத்திருந்தேன். மண்ணச்சநல்லூருக்கு அப்புறம் அவர் என்னை முந்த ஆரம்பித்தார். துறையூரில் அம்மாவோடு வேலை பார்ப்பவரின் வீட்டில் தங்கினோம். அங்கே எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள்.

மறுநாள் சோபனபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கிருந்து மலைப்பாதை. முதல் வளைவிலேயே என் மிதப்பு இறங்கிவிட்டது. மூன்றாவது வளைவில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதேன். அம்மா தண்ணீர் கொடுத்துக் கெண்டைக்காலை நீவிவிட்டார்.

அப்போது மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே போன மினி வண்டி ஒன்று நின்றது. ஓட்டுநரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சைக்கிள்களைப் பின்னால் போட்டுக்கொண்டு ஏறுங்கள், செங்காட்டுப்பட்டியில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். நான் எழுந்தே விட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். மேலே போகிற ரோட்டைப் பார்த்தார். "நீ வேணும்னா வண்டியில போ. நான் மிதிச்சே வந்துடுறேன்" என்றார்.

கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது.

"பிள்ளைய மட்டுமா அனுப்புறீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா சைக்கிளில் ஏறிவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

பாதி மிதித்தும் பாதி தள்ளியும் நான் ஏறினேன். அம்மா ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. வளைவுகளில் எழுந்து நின்று மிதித்தார். அவர் மூச்சு வாங்குவது கீழே இருந்த எனக்குக் கேட்டது. கியர் இல்லாத சைக்கிள் அது. எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மேலே ஒரு மரவள்ளிக் காட்டோரம், சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் சிவந்து, தலை கலைந்திருந்தது. நான் வந்ததை உடனே கவனிக்கவில்லை. கீழே தெரிந்த ஊர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று சத்தமாகச் சிரித்தார். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நானோ பிஸ்கட் எங்கே என்று கேட்டேன்.

ஊருக்கு வந்ததும் பெயரெல்லாம் எனக்கு. அப்பா தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிச் சொன்னார். அம்மா எப்போதும்போல் வேலைக்குப் பஸ் ஏறினார். பள்ளிக்கூடத்தில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினேன். அதில் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி: 'என் துணைக்கு அம்மாவும் வந்தார்.'

அம்மா அதை முழுக்கப் படித்தார். விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வரியை அவர் தொடவில்லை. அதில் என்ன தப்பு என்று அன்று எனக்கும் தெரியவில்லை.