விழத் தெரிந்தவன்

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் என் முறிந்த வலக்கைப் பெருவிரலைப் பார்த்தவர் முன்முடி நரைத்த ஒரு தாதி. கட்டு மாற்றும்போதெல்லாம் தொலைக்காட்சி மல்யுத்தம் பற்றியே கதைப்பார். யாராவது விழும் கட்டம் வந்தால் மேசையில் ஓங்கித் தட்டுவார். வரிசையில் இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள்.

சனிக்கிழமை கொக்குவிலில் வீடியோ கேம் சண்டைப் போட்டி. விரலில் போட்டிருந்த கட்டை வெட்டி எடுத்துவிடும்படி கெஞ்சினேன்.

“உங்கடை மல்யுத்தம் மாதிரி இல்லை மிஸ்ஸி, இது உண்மையான போட்டி. அங்கை ஆர் வெல்லுறதெண்டு முதலே எழுதி வைச்சிடுவினம்.”

“ஓம் தம்பி, எழுதித்தான் வைக்கினம். விழுற முதுகுக்கு அது தெரியுமே? தோக்கப்போறன் எண்டு தெரிஞ்சும் ஒருத்தன் வடிவா விழுறான் பார், அவன்தான் வீரன். உங்கடை கேமிலை விழுந்தா நோகாது. அதாலை உங்களுக்கு விழத் தெரியாது.”

கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். “வெட்டமாட்டன். இடக்கையாலை விளையாடித் தோத்துப்போட்டு வா.”

கட்டோடு போனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். ஆனால் கடைசி நொடிவரை விடவில்லை. என்னை வென்றவன் எழுந்து வந்து என் தோளைத் தட்டினான். வென்ற நாட்களில்கூட எனக்கு அப்படியொரு பெருமை வந்ததில்லை.

தோற்பவனை அந்தத் தாதியைப்போல ஆசையாகப் பார்க்கிற ஒருவரை நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.