குப்பியில் கட்டிய கயிறு

திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் தூக்கினால் முதலில் வெள்ளைப் புகைதான் வழியும். அது அடங்கிய பிறகே உள்ளே தொங்கும் கூடைகள் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்தத் தொட்டியை நிரப்பும் வேலை முதல்முறையாக என் தலையில் விழுந்த நாளில், ஒரு கூடையை வெளியே இழுத்தேன். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பிகளில் ஒன்றின் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. கயிறு உறைந்து கம்பியாக விறைத்திருந்தது. குப்பியின் மேல் எழுதியிருந்த எண் என் கையெழுத்து. கயிறு யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடையை இறக்கி மூடியைப் போட்டேன்.

திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. குரோமோசோம்களை எண்ணுவது என் வேலை. இன்றைக்கு அதைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. அப்போதெல்லாம் செல் ஒன்றைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, குரோமோசோம்களை ஒவ்வொன்றாகக் கத்தரியால் வெட்டி, ஜோடி பார்த்து அட்டையில் ஒட்டுவோம். இருபத்து மூன்று ஜோடி. கல்யாணத் தரகர் வேலைதான், சம்பந்திகளின் தொல்லை மட்டும் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

நான் அக்கா என்று கூப்பிட்டவர் அங்கே அட்டெண்டர். சத்தியவேடு பக்கத்துக் காலனிக்காரர். நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் ஊரில் என்றால் நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கவே மாட்டோம். எல்லோரும் தெலுங்கு பேசும் அந்தக் கட்டிடத்தில் தமிழ் பேச எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாததால் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். பிறர் எதிரில் நான் மேடம், தனியாக இருக்கும்போது பாப்பா. கண்ணாடிச் சாமான் கழுவுவது, நைட்ரஜன் நிரப்புவது, செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பது எல்லாம் அக்கா பொறுப்பு. இன்குபேட்டர் என்பது சதா உடம்புச் சூட்டிலேயே இருக்கிற ஒரு பெட்டி. செல்களுக்கு உணவான இளஞ்சிவப்புத் திரவத்தை நான் மாற்றும் நாட்களில் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, துன்னுச்சா எல்லாம்?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

அக்காவின் வீட்டுக்காரர் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் மூட்டை தூக்கினார். வயிற்று வலியை அல்சர் என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டினார். திருப்பதியில் வயிற்றைத் திறந்தபோது பெருங்குடலில் கட்டி. அதில் வெட்டிய துண்டைச் சின்னக் குழாயில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கையில் எடுத்து வந்தது அக்காதான். அது அவர் வேலை. நான் அக்காவின் கண் எதிரே அதற்கு எண் எழுதினேன்.

குடல் கட்டியைக் குடுவையில் வளர்ப்பது லேசில் நடக்காது. குடல் என்றாலே கிருமி. இரண்டாம் நாளே குடுவை கலங்கிப் போய்த் தூக்கிக் கொட்ட வேண்டியிருக்கும். இது கலங்கவில்லை. நாலாம் நாள் ஒட்டிக்கொண்டது, எட்டாம் நாள் பரவியது. படமெடுத்து வெட்டினால் நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்துச் சொச்சம். ஏழாம் எண்ணில் நாலு, பதினெட்டில் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகும் மேசையில் ஒன்று மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிது. எதனுடைய கையோ எதனுடைய காலோ ஒடிந்து, தப்பாக ஒட்டிக்கொண்டு உண்டானது. எந்தச் செல்லை எடுத்தாலும் அது அங்கே இருந்தது.

"இது ஏன் தனியா கீது?" என்றார் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்று.

"எங்கேயும் சேராதது அக்கா."

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான்" என்று சிரித்தார். அட்டை யாருடையது என்று தெரிந்துதான் சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் அக்காவின் வீட்டுக்காரர் இறந்தார். தகவல் வந்தபோது நான் மைக்ராஸ்கோப்பில் அந்தக் குடுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளைவிட அதிகமாக இருந்தன. பிரியப்போகும் செல்கள் உருண்டு, மின்னி, பார்க்கும்போதே இரண்டாயின. சாயங்காலத்துக்குள் ஊரில் அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். குடுவையை மறுபடி இன்குபேட்டரில் வைத்தேன்.

பதினைந்தாம் நாள் அக்கா வந்தார். வேலைக்கு இல்லை. நேராக இன்குபேட்டரிடம் போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா கீது."

"எப்பவும் அப்படித்தான் அக்கா இருக்கும்."

"நாளைக்குக் காரியம். கயிறு அவுக்கணும்னு மாமியாரு உக்காந்துகினு கீது. அவரு உசுரு கொஞ்சம் இங்க துன்னுக்கினு கீதுன்னா நான் எப்படி பாப்பா அவுப்பேன்? நீ அத்த ஊத்திடு. ஊத்திட்டு என்னாண்ட சொல்லு, நான் போறேன்."

செல் என்பது உயிர் இல்லை, ஆள் இல்லை என்று நான் விளக்கியிருக்கலாம். எனக்கே அப்போது அது நிச்சயமாகத் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் ஆய்வுக்கூடத்தில் குடல் கட்டி இப்படி வளர்ந்தது அதுவே முதல் முறை. அதை வைத்து என் பெயரில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று எங்கள் தலைமை டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். குடுவையை எடுத்து, பார்வைக்குப் படாத கீழ்த்தட்டின் மூலையில், மற்றக் குடுவைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டேன். வெளியே வந்து, "ஊத்திட்டேன்க்கா" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கம் கெட்ட அழுகை.

அக்கா வெறும் கழுத்தோடு வேலைக்குத் திரும்பியபோதுதான் என் புத்திசாலித்தனம் எனக்குப் புரிந்தது. நான் குடுவையை ஒளித்த கீழ்த்தட்டு, தண்ணீர்த் தட்டுக்கு நேர் மேலே இருந்தது. தண்ணீர் ஊற்றக் குனிகிறவரின் முகத்துக்கு எதிரே. அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நான் அந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அங்கே ஒளித்திருக்க மாட்டேன். அக்கா குனிந்து தண்ணீர் ஊற்றினார். கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்ததாக எனக்குப் பட்டது. பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிச் சாமான் கழுவப் போனார். அதன் பிறகு "துன்னுச்சா?" என்று அவர் கேட்டதே இல்லை. ஆனால் அந்தத் தட்டில் தண்ணீர் ஒரு நாளும் வற்றியதில்லை. மாதக் கடைசியில் செல்களைக் குப்பியில் அடைத்து நைட்ரஜனில் உறைய வைத்தேன். கட்டுரையும் வந்தது. அதன் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுப் போகும்வரை சேர்ந்தே சாப்பிட்டோம். கயிற்றைப் பார்த்த பிறகும் நான் போன் செய்து கேட்கவில்லை. என்னவென்று கேட்பது?

போன மாதம் அக்காவின் மகன் பேசினான். "மேடம், அம்மா போயிடுச்சு. உங்களாண்ட இன்னாவோ கயிறு ஒண்ணு கீதாமே. பாப்பாவுக்குத் தெரியும், காரியத்தன்னிக்கு வாங்கினு வந்து தண்ணில உட்டுடுன்னு சொல்லிச்சு."

கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு குப்பியைக் கிருமிநீக்கப் பாத்திரத்தில் போட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது. கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு, குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, குடுவையில் ஊற்றினேன். இத்தனை வருஷத்தில் செத்திருக்கும் என்று நினைத்தேன், இல்லை, அப்படி நம்ப ஆசைப்பட்டேன். மறுநாள் ஒட்டிக்கொண்டன. ஐந்தாம் நாள் உருண்டு மின்னின. ஒரு படம் எடுத்தேன். கம்ப்யூட்டர் நொடியில் ஜோடி சேர்த்துவிட்டு, கடைசியில் ஒன்றை ஓரமாக ஒதுக்கி வைத்தது. எங்கேயும் சேராதது. அக்கா போய்விட்டார், அவர் வீட்டுக்காரர் இன்னும் பெருகிக்கொண்டிருந்தார். பத்து நாள் நானே உணவு மாற்றினேன், நானே குனிந்து தட்டில் தண்ணீர் ஊற்றினேன். இன்னொரு குப்பி உறைய வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பும் வந்தது. இந்த வயதிலும் வந்தது.

காரியத்தன்று காலையில் யாரும் வருவதற்கு முன் ஆய்வுக்கூடம் போனேன். குடுவையில் பிளீச்சை ஊற்றினேன். இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீரானது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எதுவும் இல்லை. "ஊத்திட்டேன்க்கா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்று சொன்ன அதே வார்த்தை. இன்குபேட்டர் கதவில் கை வைத்தேன். காலியாக இருந்தும் சூடாகத்தான் இருந்தது.

பஸ் பிடித்து அக்காவின் ஊருக்குப் போய், ஏரிக்கரையில் மகனிடம் கயிற்றைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா தாலி அவுத்து இருபது வருசத்துக்கு மேல ஆச்சே மேடம். இதுல மஞ்சகூட இன்னும் போவல. நேத்து அவுத்த மாதிரி கீது."

தண்ணீரில் விடச் சொன்னேன்.