சிலிர்க்காத இடம்

என் பீரோவில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கிறது. அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு காப்பிப் பென்சில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. எச்சில் தொட்டு எழுதினால் ஊதா மையாகிவிடும். ஒட்டினால் ஒட்டியதுதான், லேசில் போகாது. போன வாரம் அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசக்கும் என்று ஞாபகம். கசக்கவில்லை, எதுவுமே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு நுனி மட்டும் ஊதாவாக இருந்தது. வயதான காலத்தில் பென்சிலை நக்கிக்கொண்டு நிற்கிறோமே என்று சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

பென்சில் என் மாமாவுடையது. மாமா என்றால் மாமனார்; எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம். திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்கில் ரகம் பிரிக்கிற வேலை அவருக்கு. ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய மாட்டுத்தோலை விரித்துப் போட்டால் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையை வைத்துவிடுவார். கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பு. உண்ணி தின்ற ஓட்டை, சூடு போட்ட தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். காதில் செருகிய பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டு, தோலின் மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார். போட்டதை அடித்து மாற்றியது கிடையாது என்று கிடங்கில் சொல்வார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நக்கியதில் அவருடைய கீழுதட்டில் ஊதாக் கறை தங்கிவிட்டது. சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமி பேரப்பிள்ளைகளிடம் சொல்வார், "உங்க தாத்தா இன்னைக்கும் நாவப்பழம் திருடித் தின்னுட்டு வாராக பாருங்க." மாமா சிரிக்கமாட்டார். ஆனால் உதட்டைத் துடைக்கவும் மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் ஆரம்பத்தில் மாமி மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தானார். மாமா அழவில்லை. நாகல் நகரில் எங்கள் வீடு சின்ன வீடு. நாற்பதாம் நாள் பாத்திஹா வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதே நாலு கேள்வியைக் கேட்டார்கள். சாப்டீகளா, தூக்கம் வருதா, உடம்பு எப்படி இருக்கு, மனசத் தேத்திக்கிட்டீகளா. அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். நாற்பது கழிந்து கிடங்குக்குப் போனார். மூன்றாம் நாள் மத்தியானமே திரும்பி வந்து, சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாத் தோலும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கு. கைக்கு ஒண்ணும் தெரியல."

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். வலித்தது. சூடு வைத்துப் பார்த்தார். சுட்டது. நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். கிடங்கில் இன்னொருவரை வைத்து வேலை நடந்தது; பெரியவர் எப்போது வந்தாலும் அவர் இடம் அவருக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கை வந்தால்தான் மனுஷன் வருவார் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. கை வரவில்லை. பழக்கத்தில் காதில் பென்சில் மட்டும் இருந்தது; மாதம் போகப் போக உதட்டுக் கறைகூட வெளுத்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். கூட்டும்போதெல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் கூட்ட வேண்டும். பரிதாபம் ஒரு மாதம் இருந்தது. அப்புறம் எரிச்சல்தான். உண்மையைச் சொல்ல இனி என்ன வெட்கம்? வைத்த சோறு வைத்தபடி இருக்கும். "மாமா, வெஞ்சனம் பிடிக்கலையா?" என்று கேட்டால் "ம்". அந்த "ம்" என் காதில் விழும்போதெல்லாம் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன்.

எங்களுக்குப் பால் ஊற்றியது ஒரு சம்சாரி வீட்டு அம்மாள், விவசாயக் குடும்பம். செம்பட்டி ரோட்டில், ஊர் முடிந்து கத்தரித் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் அவளுக்கு ஒரு தோட்டமும் இரண்டு மாடும். புருஷன் இல்லை. நல்ல வாய். காலையில் பால் கொண்டு வந்தால் தெருவுக்கே அவள் வந்தது தெரியும். ஒருநாள் மழையில் அவள் வரவில்லை. மழை விட்டதும் நான் தூக்குவாளியை மாமா கையில் கொடுத்து, "செத்த போய் வாங்கிட்டு வாங்க மாமா" என்றேன். பால் ஒரு சாக்குதான். கொஞ்ச நேரமாவது அந்த நாற்காலி காலியாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன்.

எட்டு மணிக்குப் போனவர் மத்தியானத் தொழுகைக்கு லுகர் பாங்கு சொல்லி வெகு நேரம் கழித்து வந்தார். பால் வழியிலேயே திரிந்திருந்தது. கத்தித் தீர்த்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் நான் சொல்லாமலே செருப்பை மாட்டினார். அதன்பிறகு தினமும் போனார். "அவர் பாட்டுக்குக் கொட்டாயில மாட்டுக்குப் பக்கத்துல சாக்க விரிச்சு உக்காந்திருக்காரு. பேச்சு மூச்சு இல்ல" என்று பால்கார அம்மாள் சொன்னாள். எனக்கு மானம் போயிற்று. பேரப்பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊர் பேசினால் பழி யாருக்கு? மருமகளுக்குத்தானே. கேட்டேவிட்டேன்.

"மாடு ஒண்ணும் கேக்காதுமா" என்றார் மாமா.

பல மாதத்தில் அவர் சொன்ன முழு வாக்கியம் அதுதான். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் கேட்பதைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். பால்கார அம்மாள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடிக் கறக்கணும் பாயம்மா. பெரிய பாயி பாட்டுக்கு இருந்துட்டுப் போறாரு, என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த வெள்ளிக்கிழமையை நான் என் கண்ணால் பார்த்தேன். மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மாமாவைக் கூட்டி வர வீட்டில் ஆம்பிளை ஆள் யாரும் இல்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானே குதிரைவண்டி பிடித்துப் போனேன். இரண்டு மாட்டில் சாம்பல் நிறத்து மயிலைப் பசுவை அப்போதுதான் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் பூசிக் கட்டியிருந்தார்கள். மாமா எழுந்து நின்று, அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். கை மெதுவாக நகர்ந்தது. திமில், முதுகு, விலா. கை போகிற இடமெல்லாம் மாட்டின் தோல் ஈயை விரட்டுவது போலச் சிலிர்த்தது. மாமா கையை நிறுத்தினார். திரும்பவும் கழுத்திலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் சிலிர்த்தது.

"கிடங்குல கெடக்குற தோலு சிலிர்க்காதுமா" என்றார் என்னைப் பார்த்து. நான் வந்ததை எப்போது கவனித்தாரோ தெரியாது. முகம் எப்படியோ ஆகிவிட்டிருந்தது. "தெரியுது. கைக்குத் தெரியுது. ஓட்டை இல்ல, சூடு இல்ல, கீறல் இல்ல. ஒண்ணாம் நம்பர்! ஒண்ணாம் நம்பர் தோலுமா இது!"

சொன்ன வேகத்தில் கை காதுக்குப் போயிற்று. பென்சில் நாக்குக்குப் போயிற்று. நான் "மாமா!" என்று கத்துவதற்குள் மயிலையின் பின்சப்பையில், தொடைக்கு மேலே, பெரிதாக ஒன்று என்று எண் போட்டுவிட்டார்.

ஈரம் காயாத மயிர். ஊதா அப்படியே பரவியது. புல்லுக்கட்டோடு வந்த பால்கார அம்மாள் பார்த்தாள். கட்டு கீழே விழுந்தது. ஓடிப்போய் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது.

"கறக்குற மாட்டுக்கு நம்பர் போடுறீகளே பெரிய பாயி! உசுரோட நிக்கிற மாட்டுக்கு! என் வயித்துல அடிச்சுட்டீகளே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா இது நெலைக்குமா எனக்கு?"

மாமா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அது என்ன தப்பு என்று சொல்ல அவரால் முடியவில்லை. "இனிமே இந்தப் பக்கம் தல காட்டாதீக" என்றாள். மறுநாளிலிருந்து எங்களுக்குப் பாலும் நின்றது.

மாமா நாற்காலிக்குத் திரும்பினார். முன்பாவது "ம்" இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நாலாம் நாள் நான் கூட்டிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"இடது முன்சப்பைக்குக் கீழ ஒரு எடம்மா. அங்க மட்டும் சிலிர்க்கல. கை அத எனக்குச் சொல்லுச்சு. சந்தோசத்துல நாந்தான் கேக்கல. தப்பா நம்பர் போட்டுட்டேன். அந்தம்மாகிட்ட சொல்லிரு."

அவமானப்பட்டு வந்த இடத்துக்கு நான் எதற்குப் போக வேண்டும்? அதுவும் நம்பர் தப்பாகிவிட்டது என்று சொல்லவா? போகவில்லை. ஒவ்வொரு நாளும் "சொன்னியா?" என்று கேட்டார். "சொல்றேன் மாமா" என்றேன். ஐந்து நாள் அப்படி இழுத்தடித்தேன். அந்த ஐந்து நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. இப்போதெல்லாம் எனக்கு வருகிறது அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் போனேன். மயிலை படுத்திருந்தது, இரை எடுத்து இரண்டு நாளாகிறதாம். பால்கார அம்மாள் என்னைக் கண்டதும் விளக்குமாற்றை எடுத்தாலும் எடுப்பாள் என்று தூரத்தில் நின்றே சொன்னேன். அவள் இடது முன்சப்பைக்குக் கீழே விரலால் அழுத்தினாள். மாடு உதறியது. மாட்டு வைத்தியரைக் கூட்டி வந்து கீறியதில், உள்ளுக்குள் ஒடிந்த கருவேல முள் ஒரு விரற்கடை. ஒரு செம்பு சீழ். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றாராம்.

பதினைந்து நாள் கழித்து எங்கள் வாசலில் அவள் குரல் கேட்டது. பாலை ஊற்றிவிட்டு, உள்ளே நாற்காலிக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

"மாடு எந்திரிச்சிருச்சு பாயம்மா. உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. இனி அது ஒண்ணாம் நம்பர் இல்ல, எந்தத் தோல்காரரும் சீந்தமாட்டாரு. எனக்கும் பயமில்ல. வரச் சொல்லுங்க. அந்தப் பென்சில மட்டும் வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லுங்க."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மாமா வந்து காதிலிருந்த பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார். "தழும்பு விழுந்தா மூணாம் நம்பருமா" என்றார். உடனே உதடு கோணியது. மாமி போய் ஒன்பது மாதம் கழித்து, பால்காரிக்கும் எனக்கும் முன்னால் நின்று அழுதார். பால்கார அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முடிக்கிறவரை நின்றாள்.

அவர் தேறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். கிடங்குக்கு அப்புறம் போகவே இல்லை. கை திரும்பி வந்ததென்று தெரிந்தும் போகவில்லை. தினமும் காலையில் பென்சிலை என்னிடம் கொடுப்பது போல வெறுங்கையை நீட்டிக் காட்டிவிட்டுக் கிளம்புவார். மயிலை அசைபோடும், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் வந்து இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். அவர் மௌத்தாகும்வரை மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

இப்போது அவர் வயதைத் தாண்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதமாகிறது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சாப்டீங்களாம்மா, தூங்குனீங்களாம்மா என்று வேளை தவறாமல் கேட்கிறார்கள். நான் "ம்" என்கிறேன். ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மருமகள் அதைச் சுற்றித்தான் கூட்டுகிறாள்.

இன்று காலை பிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது. நான் பார்த்தேன். இருந்தும் மருமகள் ஒரு தூக்குவாளியை என் கையில் கொடுத்து, "தெருக்கோடியில மாடு வச்சிருக்காங்களே மாமி, அங்க போய்க் கொஞ்சம் பால் வாங்கிட்டு வாரீகளா?" என்றாள். எதற்கு அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் முகத்தைப் பார்க்காமல் வாளியை வாங்கிக்கொண்டேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்தேன். ஒரு வாரமாக இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற பென்சிலை எடுத்து, பவுடர் டப்பாவில் போட்டு மூடினேன். அப்புறம் மாட்டைப் பார்க்கப் போனேன்.