இறுதி இருப்பும் எதிர்க்கடை டீயும்

வியாபாரக் கணக்கில் ஒரு எண் காணாமல் போனால் மற்ற எண்களைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்காரரை எங்கே வைத்துக் கழிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. என்னைப் போலக் கணக்கெழுதிப் பிழைக்கும் பாவப்பட்டவர்களே, ஆண்டர்சன்பேட்டை பாத்திரக் கடை முருகேசன் அண்ணன் கதையைக் கேளுங்கள். அவருக்குப் பக்கத்துக் கடை காலியானது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் செல்போன் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். முன்பணத்துக்கு பேங்க் லோன், லோனுக்கு லாபக் கணக்கு. அதனால் நான்.

விற்பனைத் திருப்பம்

விற்ற சரக்கு திரும்பி வந்தால் எழுதும் இந்த வரி காலியாக இருந்தது. பரணில் பார்த்தால் ஒரு எவர்சில்வர் குடம், கழுத்தில் ‘ஸ்டெல்லா’ என்று பேர் வெட்டியிருந்தது. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பு மைசூர் மைன்ஸில் ஒரு கல்யாணம் நின்றுபோனதால் குடம் திரும்பி வந்ததாம். அண்ணன் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் விற்பனையில் கழிக்கணும் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாம்மா கழிக்கறது? நம்ம ஊர்ல ஸ்டெல்லாவுக்கா பஞ்சம்?”

இறுதி இருப்பு

அடுத்துக் காணாமல் போனது, வருடக் கடைசியில் மீந்த சரக்கின் மதிப்பு. அது தெரிந்தால்தான் விற்ற சரக்கின் அடக்கவிலை வரும். அதற்குப் பிறகுதான் லாபம். குக்கர் எவ்வளவு என்றேன். “நெறைய கீது.” இட்லிப் பானை? “நெறைய கீது.” அலமாரியோ வெறிச்சென்று கிடக்கிறது! விளக்கேற்றிய கடைக்குள் ‘இல்லை’ என்று சொன்னால் லட்சுமி போய்விடுவாளாம். வாங்க வருகிறவர்களிடமும், “நெறைய கீது, நாளைக்கு வாங்க”தான்.

அவர் வாய்க்கு வந்தபடியே எழுதிப் பார்த்தேன். லாபம் விற்பனையையே தாண்டிப் போய்விட்டது. எரிச்சலில் அவரை எதிர்க்கடைக்கு டீ குடிக்க இழுத்துப்போய், குக்கரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

“ஒண்ணுகூட இல்லம்மா, தீபாவளிக்கே தீந்துபோச்சு. வாசப்படி தாண்டிக் கேட்டா சொல்லமாட்டனா?”

ஆபீசர் வந்தார்

பேங்க் ஆபீசர் நேரில் வந்து பார்த்தார். கணக்கு சரி, சரக்கும் சரி. எனக்கு உயிர் வந்தது. கிளம்பும்போது, “வேற எங்கயாவது கடன் இருக்கா?” என்று கேட்டாரே பார்க்கலாம்! அண்ணன் லட்சுமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நெறைய கீது சார்” என்றார். ஆபீசர் ஃபைலை மூடிவிட்டார்.

நான் பதறிப்போய் மூன்று டீ சொல்லி, இரண்டு பேரையும் தள்ளாத குறையாக வெளியே கூட்டிப்போய், அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னேன். “சத்தியமா ஒரு பைசா இல்ல சார்!” விஷயம் புரிந்ததும் ஆபீசருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

“இனிமே உங்க ஊர் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் டீக்கடையிலதான்.”

லோன் வந்தது, பக்கத்துக் கடையும் வந்தது, காணாமல் போன எண்களெல்லாம் கிடைத்துவிட்டன. கணக்கெழுதிய என் கூலியைக் கடைக்குள் போய்க் கேட்டால் மட்டும், “நெறைய கீதும்மா, நாளைக்கு வாங்க” என்கிறார்.