பூவுக்குக் கனமில்லை என்று நினைத்தேன்

பிள்ளைகளா, போன வாரம் ஒருவர் நம் வீட்டுக்கு வந்து, "உங்க கரண்டு வண்டி ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார். நான் "எம்பது" என்றேன். அவர் போனதும் மூத்தவள் பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா குறைச்சுச் சொல்லுதீங்க? நூறுக்கு மேல ஓடுதுலா?" சின்னவன், "அப்பாவுக்குப் பெருமையடிக்கத் தெரியாது" என்று சிரித்தான்.

எனக்குப் பெருமையடிக்க நன்றாகவே தெரியும். அதனால் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்தில் தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

வண்டி வந்த புதிதில் உங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கும். பிக்கப் வண்டி என்றால் முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். நீங்கள் இரண்டு பேரும் அம்மா மடியிலும் என் பக்கத்திலுமாக நெருக்கிக்கொண்டு வந்தீர்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, "வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலப்பா, சத்தமே இல்ல" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தென்காசி மார்க்கெட்டில் டீசல் வண்டிக்காரர்கள் நிற்கும் இடமாகப் பார்த்துப் போய், திரையில் இருக்கும் எண்ணைக் காட்டுவேன். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அந்தத் திரை சொல்லும். நான் அதை ஜாதகம் மாதிரி நம்பினேன்.

இலத்தூரில் ஓர் அக்கா இருக்கிறார். நம் கடைசி வயலுக்கு அடுத்த வயல் அவர் அண்ணனுடையது, அந்தப் பழக்கம். அந்த வருஷம் முதல்முறையாக நெல்லை விட்டுவிட்டுக் கேந்திப் பூ, அதுதான் செண்டுமல்லி, போட்டார். ஓணத்துக்குக் கேரளாவில் எல்லா வீட்டிலும் பூக்களம் போடுவார்கள், நம் பக்கத்துப் பூ மொத்தமும் அந்தப் பத்து நாளில் செங்கோட்டை வழியாக மேற்கே போகும். கொல்லத்தில் ஒரு வியாபாரி, திருவோணத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குள் வந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பூவை யாரும் சீண்ட மாட்டார்கள்.

"கொல்லம் வரைக்கும் ஒன் வண்டி போவுமா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

இலத்தூரிலிருந்து கொல்லம் தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். முந்தின நாள் மாலை மலைமேல் கோட்டைவாசலிலிருந்து வெறும் வண்டியாக இறங்கி வந்து சார்ஜில் போட்டிருந்தேன். விடியற்காலையில் திரை நூற்று முப்பது காட்டியது. அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "போயிட்டு மிச்சம் இருக்கும்க்கா, பூவுக்கு என்ன கனமா இருக்கு?" என்று குரலும் பதிந்து அனுப்பினேன்.

அந்தக் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.

பூவுக்குக் கனமில்லை, உண்மை. ஆனால் கனமில்லாததால் மூட்டைக்கு மேல் மூட்டையாக அடுக்கினோம். வண்டியின் தலைக்கு மேல் இன்னொரு வண்டி உயரத்துக்கு நின்றது. தார்ப்பாயை அவசரத்தில் கட்டினேன், ஒரு முனை தளர்வாகப் படபடத்துக்கொண்டிருந்தது. போகப்போக இறுகிவிடும் என்று விட்டுவிட்டேன். அக்கா வியாபாரியை நேரில் பார்க்க வேண்டும் என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு டிபன் பாக்ஸ்.

ஆவணி பிறந்தும் மேல்காற்று ஓயவில்லை. மலை இடைவெளி வழியாகச் செங்கோட்டைப் பக்கமிருந்து அது எப்படி வரும் என்று இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். உங்கள் வயதில் நான் செங்கோட்டைக்குச் சைக்கிளில் போவேன். போகும்போது எழுந்து நின்று மிதித்தாலும் நகராது, வரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொண்டே வரலாம். காலுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு மறந்துபோயிற்று.

செங்கோட்டையில் டீக்கு நிறுத்தினோம். எட்டு கிலோமீட்டர்கூட வரவில்லை, திரையில் இருபத்தைந்து குறைந்திருந்தது. அங்கே டீசல் பிக்கப் அண்ணாச்சி ஒருவர், தேங்காய் ஏற்றிக் கொல்லம் போகிறவர், என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏலே, என்னலே இது, தேர் மாதிரி கட்டி வச்சிருக்க? காத்து இந்த அடி அடிக்கி. இதப் போயி எதுத்துக்கிட்டு ஓட்டுனா ஒன் பேட்டரி தாங்குமாலே?"

"அதெல்லாம் தாங்கும் அண்ணாச்சி."

"எவ்வளவு காட்டுது?"

"இருக்கு அண்ணாச்சி, போதும்."

"பாதி மூட்டைய எனக்கு மாத்து. எனக்கு எடம் கெடக்கு. அக்காவுக்காகச் சொல்லுதேன், ஒனக்காக இல்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "மாத்திருவோமா தம்பி?"

அங்கேதான் தப்புப் பண்ணினேன் பிள்ளைகளா. மூட்டையை மாற்றப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள் நின்றார்கள், எல்லாரிடமும் திரையைக் காட்டியவன் நான். "எறக்கி ஏத்துனா பூ கசங்கும்க்கா" என்றேன். அது சாக்கு. அக்கா தலையாட்டினார்.

புளியரையில் ஏற்றம் தொடங்கியதும் எண் இறங்கிய வேகம் எனக்கே பயமாக இருந்தது. வளைவில் காற்று மூட்டையைப் பிடித்துத் தள்ளியது, தார்ப்பாய் அறைந்துகொண்டே வந்தது. மலை ஏறி முடித்தபோது சார்ஜ் பாதிக்குக் கீழே போய்விட்டது. ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறும் என்று நம்பினேன். ஏறியது, ஆனால் ஏற்றத்தில் போனதற்குப் பக்கத்தில் அது ஒன்றுமில்லை. ஓணக்கூட்டத்தில் ஊர்ந்து புனலூர் சேர்ந்தபோது வண்டி வேகம் எடுக்க மறுத்தது. கொல்லம் இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

அங்கே கார்களுக்குச் சார்ஜ் போடும் இடம் இருந்தது. அதன் பிளக் என் வண்டிக்குச் சேரவில்லை. வீட்டில் இருக்கும்போதே பார்த்திருக்க வேண்டியது. வேறு வண்டி கேட்டு அலைந்தேன், அன்றைக்குச் சும்மா நின்ற வண்டி ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், நல்ல மனுஷன், உள்ளே விட்டுப் பிளக்கைக் கொடுத்தார். எனக்கு வேண்டிய அளவு ஏற நாலு மணி நேரம் ஆகும்.

வெயிலும் தூறலும் மாறிமாறி வந்தன. அக்கா மூட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள கைய வச்சுப் பாரு தம்பி."

வைத்தேன். சோறு வடித்த பானைக்குள் வைத்தது மாதிரி இருந்தது. பூ தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு வியாபாரி போனில், "இனி வேண்டா சேச்சி" என்று வைத்துவிட்டார். மேல் மூட்டைகள் இரண்டைப் பட்டறை வாசலிலேயே பிரித்துப் போட்டோம். போகிற வருகிறவர்கள் பூக்களத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். மற்றதெல்லாம் நிறம் கறுத்து நீர் விட்டுவிட்டது. ஒரு தோட்டத்து ஓரம், கேட்டுக்கொண்டுதான், உரத்துக்காகக் கொட்டினோம். மூன்று மாதம் அக்கா குனிந்து நிமிர்ந்த வேலை அங்கே கிடந்தது. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, "நீ காலைல இருந்து சாப்பிடல, சாப்பிடு" என்றார். புளிச்சோறு. பாதியை அவருக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது வண்டி வெறுமை. கோட்டைவாசல் தாண்டி இறங்கியதும் காற்று முதுகுக்குப் பின்னால். திரையில் எண் குறையவேயில்லை, ஏறிக்கொண்டே போனது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இப்ப எவ்வளவு தம்பி ஓடும்ங்குது?"

சொன்னேன்.

"காலைல எனக்கு அனுப்புனியே, அதுவும் இப்படி வரும்போது காட்டுனதுதானா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் திரை வரப்போகிற பாதையைச் சொல்லவில்லை. முந்தின நாள் ஓடிய ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. வெறும் வண்டி, இறக்கம், பின்காற்று. அந்தக் கணக்கைக் காட்டி, ஏற்றத்துக்கும் எதிர்காற்றுக்கும் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை அக்கா ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். வண்டிமேல் குற்றமில்லை. இன்றைக்கும் தாழ்வாகச் சிமெண்ட் மூட்டை ஏற்றி நிதானமாக ஓட்டினால் அது நன்றாகத்தான் ஓடுகிறது.

வாடகை வாங்கவில்லை. வாங்காததை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லிக்கொள்ளவும் எனக்கு முகமில்லை. அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னபோது, "நான் சொன்னேன்லா" என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும், எதிர்காற்றில் லோடோடு எவ்வளவு ஓடுமோ அதைத்தான் சொல்கிறேன். அதுதான் எண்பது.

இந்த வருஷமும் அக்கா கேந்தி போட்டார். பூ ஏற்றுகிற அன்று நானாகப் போய் நின்றேன். அண்ணாச்சியின் டீசல் வண்டியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்து, ஒரு முனைகூட ஆடாமல் நாலு பக்கமும் கட்டினேன். அடுத்த வருஷம் எனக்குப் பாதி லோடாவது தருவீர்களா என்று கேட்க நினைத்துத்தான் போனேன். இறங்கி வந்து கேட்கவும் செய்தேன்.

அக்கா சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு.

"பூ வேண்டாம் தம்பி. அடுத்த வாரம் தென்காசில இருந்து எரு கொண்டாந்து போடு. அது அழுகாதுலா."

சரிக்கா என்றேன். வண்டி புறப்பட்டு மேற்கே போனது. தார்ப்பாய் அசையவில்லை.